ஐந்து வயதுக்காரர்களின் சமூக அறிவியல்

கலிஃபோர்னியா மாநிலக் கல்வி வாரியம் 1998 அக்டோபரில் ஒரு பட்டியலை ஏற்றுக்கொண்டது. வரலாற்றையும் சமூக அறிவியலையும் எந்த வகுப்பில் எதுவரை கற்றுத்தர வேண்டும் என்று வகுத்துச் சொல்லும் பட்டியல் அது. பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கமும் பொருளாதாரமும் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் முதல் பக்கங்களுக்குப் போனால், ஷூவுக்கு முடிச்சுப் போடப் பழகிக்கொண்டிருக்கும் கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்கும் ஆறு தலைப்புகள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

தன் முறை வரும்வரை காத்திருக்கத் தெரிய வேண்டும். நாட்டுக் கொடி, மாநிலக் கொடி, வெண்தலைக் கழுகு, சுதந்திர தேவி சிலை ஆகியவற்றை அடையாளம் சொல்ல வேண்டும். யார் என்ன வேலை பார்க்கிறார் என்று பொருத்திக் காட்ட வேண்டும். உலக உருண்டையில் நிலம் எது, நீர் எது என்று தொட்டுச் சொல்ல வேண்டும். கிழமைகளையும் மாதங்களையும் வரிசையாக வைக்க வேண்டும். கடைசித் தலைப்பு இன்னும் பெரியது. பொக்கஹான்டஸ், ஜார்ஜ் வாஷிங்டன், பெஞ்சமின் ஃபிராங்க்ளின், டேனியல் பூன், புக்கர் டி. வாஷிங்டன் ஆகியோரின் கதைகளைக் கேட்டிருக்க வேண்டும். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த காலத்தில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் அந்த மாநிலத்தில் கிண்டர்கார்டனுக்குப் பிள்ளையை அனுப்பியே தீர வேண்டும் என்ற சட்டம் இல்லை. கட்டாயக் கல்வி ஆறு வயதில்தான் தொடங்குகிறது.

பட்டியலை ஊன்றிப் படித்தால் அதில் இரண்டு பேர் மாறி மாறிப் பேசுவது போலிருக்கும். ஒருவர், பிள்ளைக்குக் கண்ணெதிரே இருப்பதைக் காட்டு என்கிறார்: வகுப்பு, தெரு, கடை, தபால்காரர். இன்னொருவர், கண்ணுக்கு எட்டாததைச் சொல் என்கிறார்: பழைய காலம், மாவீரர்கள், தேசம். அமெரிக்கச் சிறுவர் கல்வியில் இந்த இருவருக்கும் நூறு ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது. இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டதன் விளைவுதான் 1998இன் பட்டியல்.

கண்ணெதிரே இருப்பதிலிருந்தே தொடங்கலாம். கிண்டர்கார்டனில் சமூக அறிவியலுக்குப் பெரும்பாலும் தனிப் பாடநூல் கிடையாது, தேர்வும் கிடையாது. காலையில் பிள்ளைகள் விரிப்பின் மேல் வட்டமாக உட்காருகிறார்கள். சுவரில் வேலைப் பட்டியல் தொங்குகிறது: இன்று வரிசைக்கு முன்னால் நடப்பவர் யார், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் யார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்று. வரிசையில் முதலாவதாக நிற்கும் பதவிக்கு நடக்கும் போட்டியைப் பார்த்தவர்கள் தேர்தல் அரசியலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்துகொள்வார்கள். ஆண்டின் தொடக்கத்தில் வகுப்புக்கான விதிகளைப் பிள்ளைகளையே சொல்லவைத்து எழுதி, கீழே ஒவ்வொருவரும் பெயர் எழுதுவதோ கைரேகை பதிப்பதோ பல பள்ளிகளில் வழக்கம். சட்டம் என்றால் என்ன, அது யாருக்காக, மீறினால் என்ன ஆகும் என்ற பாடம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

இந்தப் பாடத்தை யாரையும்விட ஆழமாகக் கொண்டுபோனவர் விவியன் கசின் பேலி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் லேபரட்டரி பள்ளியில் நெடுங்காலம் கிண்டர்கார்டன் ஆசிரியையாக இருந்தவர். 1989இல் மெக்ஆர்தர் நல்கை பெற்றவர். தத்துவஞானி ஜான் டூயி 1896இல் தொடங்கிய பள்ளி அது. பிள்ளைகள் விளையாடும்போது பேசுவதை ஒலிநாடாவில் பதிந்து, பிறகு கேட்டு, எழுதி வைப்பது பேலியின் பழக்கம். அப்படிக் கேட்டதில் ஒன்று அவரை உறுத்தியது. எந்த வகுப்பிலும் நாலைந்து பிள்ளைகள் மற்றவர்களை ஆட்டத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று தீர்ப்பளிக்கிறார்கள். அதே ஓரிரு பிள்ளைகள்தான் நாள்தோறும் வெளியே நிற்கிறார்கள். அடிப்பதையும் பிடுங்குவதையும் தடுக்க விதி இருக்கிறது. ஒதுக்குவதைத் தடுக்க விதி இல்லை.

யாரும் யாரையும் ‘நீ விளையாட வராதே’ என்று சொல்லக்கூடாது என்று ஒரு விதி கொண்டுவரலாமா? பேலி அதை உடனே அறிவித்துவிடவில்லை. முதலில் தன் வகுப்பில் விவாதத்துக்கு வைத்தார். பிறகு மேல் வகுப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், ஐந்தாம் வகுப்புவரை கருத்துக் கேட்டார். விதி நியாயமானதுதான் என்று பெரிய பிள்ளைகள் பலர் ஒப்புக்கொண்டார்கள். நடக்கிற காரியமா என்றுதான் தயங்கினார்கள். எதிர்த்தவர்களின் வாதமும் லேசானதல்ல. நண்பனை நானே தேர்ந்தெடுக்க முடியாவிட்டால் அது என் விளையாட்டு எப்படி ஆகும் என்று கேட்டார்கள். கேட்டது ஒரு குழந்தை என்பதை மறந்துவிட்டால், இது தனிமனித உரிமைக்கும் பொது இடத்தின் உரிமைக்கும் நடுவிலான பழைய கேள்விதான். வகுப்பறை பொது இடம் என்று பேலி முடிவு செய்தார். விவாதம் நடந்த நாள்களிலெல்லாம் மேக்பை என்ற பறவையைப் பற்றித் தானே புனைந்த தொடர்கதை ஒன்றையும் சொல்லிவந்தார். விதி நடைமுறைக்கு வந்த கதையை 1992இல் புத்தகமாக எழுதினார். ஐந்து வயதுக்காரர்களோடு நீதி பற்றிப் பேச முடியாது என்பவர்கள் படிக்க வேண்டிய புத்தகம் அது.

அடுத்தது இடம். இடது, வலது, முன்னால், பின்னால், அருகே, தொலைவில் என்பவை பூகோளத்தின் முதல் பாடங்கள். இதற்கு அமெரிக்க ஆசிரியைகள் விரும்பி எடுக்கும் கதைப் புத்தகம் பேட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட ‘ரோஸீஸ் வாக்’. ரோஸி என்ற கோழி உலாவக் கிளம்புகிறது. முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போரின் மேலேறி, வேலிக்குள் நுழைந்து, தேன்கூடுகளுக்கு அடியில் புகுந்து வீடு திரும்புகிறது. பின்னாலேயே ஒரு நரி வருவது கோழிக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியும். கதை முடிந்ததும் கோழி போன வழியைத் தாளில் வரையச் சொன்னால் அதுவே முதல் வரைபடம்.

கண்ணெதிரே இருப்பதிலிருந்து தொடங்கும் இந்த வழிக்கு அடித்தளம் போட்டவர்கள் நியூயார்க்கின் இரண்டு பெண்கள். கேரலைன் பிராட் 1914இல் கிரீனிச் வில்லேஜில் ஒரு பள்ளி தொடங்கினார். பிற்பாடு அது சிட்டி அண்ட் கன்ட்ரி ஸ்கூல் ஆனது. மரவேலை தெரிந்த அவர், தடிமன், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்ற விகிதத்தில் அமைந்த வழவழப்பான கட்டைகளை வடிவமைத்தார். இன்றும் உலகெங்கும் மழலையர் பள்ளிகளில் கிடப்பவை அவற்றின் வாரிசுகள்தான். பிள்ளைகளைப் பக்கத்திலிருந்த ஹட்ஸன் ஆற்றுத் துறைக்கு அழைத்துப்போவார்கள். கப்பலும் படகும் சரக்கு இறக்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி, அதைக் கட்டைகளால் தரையில் கட்டுவார்கள். கட்டும்போதுதான் கேள்வி பிறக்கும். கப்பலிலிருந்து இறங்கிய மூட்டை கடைக்கு எப்படிப் போகிறது? நடுவில் சாலை வேண்டாமா? பார்த்துவிட்டு வந்த பிள்ளையைச் சும்மா உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் இந்த இடைவெளி புலப்படாது. கட்ட முயன்றால் புலப்பட்டுவிடும்.

இரண்டாமவர் லூசி ஸ்ப்ரேக் மிட்செல். பின்னாளில் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியாக வளர்ந்த அமைப்பை 1916இல் நிறுவியவர்களில் ஒருவர். சின்னக் குழந்தைக்கு அரக்கனும் இளவரசியும் எதற்கு, தெருவில் ஓடும் டிராமும் பால் வண்டியும் போதாதா என்பது அவர் கட்சி. 1921இல் அப்படிப்பட்ட கதைகளைத் தொகுத்து ‘ஹியர் அண்ட் நவ் ஸ்டோரி புக்’ என்று வெளியிட்டார். நூலகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ‘குட்நைட் மூன்’ எழுதிய மார்கரெட் வைஸ் பிரவுன் பேங்க் ஸ்ட்ரீட்டில் பயின்றவர் என்பதை நினைத்தால், அந்தக் கட்சிக்கு நல்ல வாரிசு கிடைத்தது என்றே சொல்ல வேண்டும்.

கண்ணெதிரே இருப்பதே முதல் பாடம் என்ற எண்ணம் மெல்ல மெல்ல ஒரு வாய்பாடாக இறுகியது. கிண்டர்கார்டனில் நான், முதல் வகுப்பில் குடும்பம், அடுத்து அக்கம்பக்கம், பிறகு ஊர், மாநிலம், நாடு, உலகம் என்று வட்டம் வட்டமாக விரியும் திட்டம். 1930களிலிருந்தே இதைப் பாடநூல்களாக வார்த்தவர்களில் முதன்மையானவர் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் பால் ஹன்னா. (கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் அறுகோண வடிவில் கட்டிக்கொடுத்த புகழ்பெற்ற வீட்டில் குடியிருந்தவர் இவர்தான்.) இந்த அடுக்கு கடல் கடந்தும் பரவியது. சென்னையிலோ மதுரையிலோ யூ.கே.ஜி. வகுப்பில் ‘என் குடும்பம்’ அட்டைக்குப் பக்கத்தில் ‘கம்யூனிட்டி ஹெல்பர்ஸ்’ அட்டை தொங்குவதும், மாறுவேடப் போட்டி நாளில் பாதி வகுப்பு டாக்டராகவும் போலீஸாகவும் வந்து நிற்பதும் இதே வரிசையின் சாயல்தான்.

இதற்கு எதிராக 1987இல் ஒரு கட்டுரை வந்தது. கல்வி வரலாற்றாசிரியர் டயேன் ராவிட்ச் ‘தி அமெரிக்கன் ஸ்காலர்’ இதழில் எழுதியது. விரியும் வட்டத் திட்டத்துக்கு ஆராய்ச்சி ஆதாரம் எதுவும் இல்லை, யாரும் கேள்வி கேட்காமல் அது நிலைத்துவிட்டது என்றார். தபால்காரர் தபால் கொண்டுவருவார் என்பதைச் சொல்லித்தர ஓராண்டு எதற்கு? அது பிள்ளைக்குத் தெரியும். புராணமும் பழங்கதையும் பெரிய மனிதர்களின் வாழ்வும் இருந்த இடத்தில் சப்பென்ற செய்திகளை வைத்துவிட்டோம் என்பது அவர் குற்றச்சாட்டு. அதே காலத்தில் கனடாவில் பணியாற்றிய கல்வியாளர் கீரன் ஈகன் வேறு முனையிலிருந்து தாக்கினார். டைனோசரும் சூனியக்காரியும் எந்தப் பிள்ளையின் தெருவிலும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் அவற்றைத்தான் கேட்கிறார்கள். நல்லது–கெட்டது, பயம்–துணிவு என்ற எதிர்நிலைகளைப் பிடித்துக்கொண்டு குழந்தை எவ்வளவு தூரமும் போகும் என்றார் ஈகன்.

ராவிட்ச் எழுதியதோடு நிற்கவில்லை. கலிஃபோர்னியாவின் வரலாறு–சமூக அறிவியல் பாடக் கட்டமைப்பை அப்போது எழுதியவர்களில் அவரும் ஒருவர். கிண்டர்கார்டன் ஆண்டுக்கு அன்றும் இன்றும் என்ற தலைப்பும், பொக்கஹான்டஸும், கிணற்றுத் தண்ணீரும் வந்து சேர்ந்த வழி இதுதான்.

பட்டியலில் மாறி மாறிப் பேசும் அந்த இருவரில் யார் சொன்னது சரி? காலம் என்ற தலைப்பில் பார்த்தால் விடை கலவையாகத்தான் வருகிறது. அநேகமாக எல்லா கிண்டர்கார்டன் வகுப்பிலும் காலையில் நாள்காட்டி நேரம் உண்டு. நேற்று என்ன கிழமை, இன்று என்ன, நாளை என்ன என்று கோரஸாகச் சொல்வார்கள். லிலியன் கேட்ஸ் உட்பட மூன்று கல்வியாளர்கள் 2008இல் இந்தச் சடங்கைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். இந்த வயதில் வாரங்களையும் மாதங்களையும் கணக்கிட்டு உணரும் திறன் இன்னும் முதிர்ந்திருக்காது. பிள்ளைகள் ஒப்பிப்பார்களே தவிர காலத்தைப் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்பது அவர்கள் கருத்து. அடுத்த செவ்வாய் பிறந்தநாள் என்றால் ஐந்து வயதுக்கு அது நாளைக்கும் அடுத்த வருஷத்துக்கும் நடுவே எங்கோ இருக்கிறது.

ஆனால் கீத் பார்ட்டனும் லிண்டா லெவ்ஸ்டிக்கும் 1996இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. கிண்டர்கார்டன் முதல் ஆறாம் வகுப்புவரையிலான பிள்ளைகளிடம் பல காலத்துப் படங்களைக் கொடுத்து, எது முந்தியது, எது பிந்தியது என்று அடுக்கச் சொன்னார்கள். ஆண்டு எண்கள் சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே உணர்த்தவில்லை. ஆனால் உடையையும் வண்டியையும் பார்த்து, இது ரொம்பப் பழசு, இது கொஞ்சம் பழசு என்று அவர்களால் பிரிக்க முடிந்தது. அதாவது 1776 என்று சொல்லிப் பயனில்லை. குதிரை வண்டியைக் காட்டினால் பயன் உண்டு. அந்த வகையில் கலிஃபோர்னியா பட்டியலின் கிணறு, அதே பட்டியலின் ஐந்து பெயர்களைவிடப் புத்திசாலித்தனமான தேர்வு. ஐந்து பெயர்களில் ஒருவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், இன்னொருவர் புக்கர் டி. வாஷிங்டன். முதலாமவர் 1790இல் இறந்தார். இரண்டாமவர் பிறந்ததே 1856இல், அடிமையாக. பிள்ளைக்கு இருவரும் அந்தக் காலத்து மனிதர்கள், அவ்வளவுதான்.

தேசம் என்ற தலைப்பு இன்னும் வழுக்கலானது. ஜான் பியாஜேயும் ஆன்-மரி வெயிலும் 1951இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஜெனீவா நகரப் பிள்ளைகளைப் பற்றியது. ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஜெனீவா சுவிட்சர்லாந்தில் இருக்கிறது என்று சொல்லத் தெரியும். வட்டம் போட்டுக் காட்டச் சொன்னால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைவார்கள். நீ ஜெனீவாக்காரன் என்றால் சுவிஸ்காரன் எப்படி ஆவாய் என்று கேட்டால், இரண்டாகவும் இருக்க முடியாது என்பார்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் என்பது பிறகுதான் விளங்குகிறது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலோ சான் ஹோசேயிலோ வளரும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, நாம் தமிழரா, இந்தியரா, அமெரிக்கரா என்று கேட்கும்போது அம்மா மூன்றும்தான் என்று சொன்னால் நம்பாமல் பார்ப்பதற்கும் இதுவே காரணம்.

இருந்தும் அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வயதிலேயே காலையில் நெஞ்சில் கை வைத்துக் கொடிக்கு உறுதிமொழி சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். 1892இல் ஃபிரான்சிஸ் பெல்லாமி எழுதியது. கடவுளைக் குறிக்கும் சொற்கள் 1954இல் சேர்ந்தன. டெக்ஸாஸில் நாட்டுக் கொடியோடு மாநிலக் கொடிக்கும் தனியாக ஓர் உறுதிமொழி உண்டு. விருப்பமில்லாத பிள்ளையைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943இல் தீர்ப்பளித்தது. யெகோவாவின் சாட்சிகள் பிரிவினர் தொடுத்த வழக்கு அது. கேரளத்தில் அதே பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது எழுந்து நின்றும் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட வழக்கில் 1986இல் இந்திய உச்ச நீதிமன்றமும் பிள்ளைகள் பக்கமே நின்றது. ஐந்து வயதுக்காரர் எவரும் தனக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதைப் பட்டியலில் படிக்கப்போவதில்லை. அங்கே அது இல்லை.

விழாக்களில்தான் பெரியவர்களின் சண்டை வகுப்புக்குள் நேரடியாக வந்துவிடுகிறது. நவம்பர் நான்காம் வியாழனுக்கு முன்னால், தேங்க்ஸ்கிவிங் விருந்துக்காகப் பிள்ளைகள் காகிதத்தில் கறுப்புத் தொப்பியும் இறகு கிரீடமும் செய்து, பாதிப் பேர் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்களாகவும் பாதிப் பேர் பூர்வகுடிகளாகவும் வேடமிடுவது நீண்டகால வழக்கம். கலிஃபோர்னியாவின் க்ளேர்மான்ட் ஊரில் இரண்டு பள்ளிகளின் கிண்டர்கார்டன் பிள்ளைகள் பல ஆண்டுகளாக இப்படிச் சேர்ந்து விருந்துண்டு வந்தார்கள். 2008இல் பூர்வகுடி வழிவந்த தாய் ஒருவர், இது ஒரு இனத்தாரைப் பொம்மையாக்குகிறது என்று பள்ளிக்கு எழுதினார். விருந்து நடக்கட்டும், வேடம் வேண்டாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. உடனே மறுதரப்புப் பெற்றோர் கொதித்தார்கள். விருந்தன்று சில பிள்ளைகள் வேடத்தோடே வந்தார்கள். வெளியே இரு தரப்பாரும் அட்டை பிடித்து நின்றார்கள்.

தாயின் கேள்வி நியாயமானது என்றே தோன்றுகிறது. ஐந்து வயதில் இறகு கிரீடம் அணிந்த பிள்ளைக்கு, பூர்வகுடிகள் கிணற்றுக்காலத்தோடு மறைந்துபோனவர்கள் என்றுதான் பதியும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் தோழி அவர்களில் ஒருத்தியாக இருக்கலாம் என்பது பதியாது. அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒன்றோடொன்று சேர வேண்டிய இடம் இதுதான். அட்டைக் கிரீடம் அங்கே குறுக்கே நிற்கிறது. இப்போது பல பள்ளிகள் வேடத்தை விட்டுவிட்டு, அந்த முதல் விருந்தில் இருந்த வாம்பனோவாக் மக்கள் இன்றும் மாசசூசெட்ஸில் வாழ்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகின்றன.

கலிஃபோர்னியா 2016இல் தன் பாடக் கட்டமைப்பைப் புதுப்பித்தது. எங்கள் அக்கம்பக்கம் எப்படி இருக்கிறது, பழைய காலத்து வாழ்க்கை எங்கள் வாழ்க்கையிலிருந்து எப்படி வேறுபட்டது என்பது போன்ற கேள்விகளிலிருந்து கிண்டர்கார்டன் பாடம் தொடங்க வேண்டும் என்றது. 1998இன் பட்டியலில் கைவைக்கவில்லை; ஐந்து பெயர்களும் அப்படியே இருக்கின்றன.

ஆசிரியைகளுக்கு இருக்கும் நடைமுறைத் தொல்லை வேறு: நேரம். 2002இல் வந்த ‘நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டம் மூன்றாம் வகுப்பிலிருந்து வாசிப்புக்கும் கணக்குக்கும் ஆண்டுதோறும் தேர்வு வைத்தது. சமூக அறிவியலுக்கு வைக்கவில்லை. தேர்வில் இல்லாததற்கு அட்டவணையில் இடம் குறைவது எங்கும் நடப்பதுதான். அந்த அழுத்தம் கிண்டர்கார்டன்வரை இறங்கியது. அதனால் கெட்டிக்கார ஆசிரியைகள் வாசிப்பு நேரத்திலேயே இதையும் நுழைத்துவிடுகிறார்கள். ஜோன் ஸ்வீனியின் ‘மீ ஆன் தி மேப்’ என்ற படக்கதை 1996இல் வந்தது. அதில் ஒரு சிறுமி முதலில் தன் அறையை வரைகிறாள், பிறகு வீட்டை, தெருவை, ஊரை, மாநிலத்தை, நாட்டை, உலகத்தை. பால் ஹன்னாவின் வட்டங்கள் அத்தனையும் சில பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. அட்டவணையில் அந்த வேளைக்கு எழுதியிருப்பது வாசிப்பு. பிள்ளைகள் தரையில் கவிழ்ந்து படுத்து வரைந்துகொண்டிருப்பது பூகோளம்.